கூப்பிய கரங்களுடன் நிற்கும் அரசர்: க்ருஷ்ணதேவராயரின் வாளும் ஆமுக்தமால்யதையும்

ஸ்ரீமதே ராமாநுஜாய நம:

திருமலையில் மஹாத்வாரத்தைக் கடந்து உள்ளே செல்லும் அடியார்களுக்கு வழியருகே ஒரு மண்டபத்தில் மூன்று செப்புப் பிரதிமைகள் ஸேவையாகின்றன. நடுவில் நிற்பவர் விஜயநகரப் பேரரசர் க்ருஷ்ணதேவராயர். இருபுறமும் நிற்பவர்கள் அவருடைய தேவிமார்களான திருமலாதேவியும் சின்னாதேவியும். மூவர் தோள்களிலும் அவரவர் பெயர் பொறிக்கப்பட்டிருக்கிறது. மூவரும் கைகளைக் கூப்பியபடி நிற்கின்றனர். அரசரின் கையில் வாள் இல்லை. ஆனந்தநிலயத்தில் எழுந்தருளியிருக்கும் திருவேங்கடமுடையானை நாடிச் செல்பவர்களில் பலர் இப்பிரதிமைகளைத் திரும்பிப் பார்க்காமலே செல்வர். அரசரும் தம்மை அவர்கள் பார்க்க வேண்டுமென்று அங்கே நிற்கவில்லை.

1509 முதல் 1529 வரை இருபது ஆண்டுகள் துங்கபத்ரா தீரத்திலிருந்து ஆண்டவர் இவர். தெற்கே தமிழகம் தொடங்கி வடகிழக்கே கலிங்கத்தின் எல்லை வரை இவர் படை சென்றது. சரித்திர ஆசிரியர்கள் இவரைத் தென்னாட்டு மன்னர்களில் தலைசிறந்தவர்களுள் ஒருவராக வைத்துப் போற்றுகின்றனர். அவர்கள் காட்டும் காரணங்கள் கோட்டைகளும் வெற்றிகளும் நாட்டின் செழிப்புமாம். ஸ்ரீவைஷ்ணவர்களும் இவரைப் போற்றுகின்றனர். ஆயின் அவர்கள் போற்றுவதற்கு உரிய காரணம் எது என்பது தெளிவாக ஆராயத்தக்கது. வென்றவர் என்பதனாலா, கோயில்களுக்குப் பொன் கொடுத்தவர் என்பதனாலா, அன்றி வேறொன்றினாலா என்பதே இங்கு எடுத்துக்கொள்ளப்படும் விஷயம்.

ஸம்ப்ரதாயம் வாளேந்தியவர்களை ஒருபோதும் விலக்கியதில்லை. திருமங்கையாழ்வார் குறுநில மன்னராய்ப் படை நடத்தியவர். குலசேகராழ்வார் சேரகுலத்து அரசர். ஆயின் அக்குலசேகரர் திருவேங்கடத்தைப் பாடியபோது அரச போகத்தை வேண்டாமல், அம்மலையில் ஒரு பறவையாகவோ, மீனாகவோ, மரமாகவோ, ஸந்நிதி வாசலில் ஒரு படியாகவோ கிடக்கும் பேற்றையே விரும்பினார். இன்றும் பெருமாள் ஸந்நிதிகளில் கர்ப்பக்ருஹத்தின் வாசற்படி குலசேகரன்படி என்றே வழங்கப்படுகிறது. ஸ்வதந்த்ரன் என்று எண்ணப்படும் அரசன் தன்னைப் பரதந்த்ரன் என்று உணர்வதே ஸம்ப்ரதாயம் அரசருக்கு வைத்த அளவுகோல்.

அவ்வளவுகோலுக்கு விஜயநகர வரலாற்றிலேயே முன்னொரு த்ருஷ்டாந்தம் உண்டு. 1323ஆம் ஆண்டுப் படையெடுப்பின்போது பிள்ளைலோகாசார்யர் முதலானோருடன் ஸ்ரீரங்கத்தைவிட்டுப் புறப்பட்ட நம்பெருமாள், பல இடங்களில் ஒளிந்து எழுந்தருளியிருந்து திருமலையை அடைந்தார். விஜயநகரத்தின் ஆரம்ப காலத்தில் செஞ்சிப் பகுதியில் அதிகாரம் செலுத்திய கோபணார்யர், திருமலையினின்று நம்பெருமாளை எழுந்தருளப் பண்ணிச் சிங்கவரத்தில் ஆராதித்து, 1371ஆம் ஆண்டு மீண்டும் ஸ்ரீரங்கத்தில் ப்ரதிஷ்டிப்பித்தார். அச்செய்தியைக் கூறும் வடமொழி ச்லோகங்கள் ஸ்ரீரங்கத்து மதிலில் வெட்டப்பட்டுள்ளன. வேதாந்ததேசிகன் அவற்றை அருளிச்செய்தார் என்பது ஸம்ப்ரதாய ப்ரஸித்தி. கோபணார்யர் வென்ற போர்களைப் பெரும்பாலோர் அறியார். அவர் செய்த அந்த ஒரு கைங்கர்யத்தை அறியாத ஸ்ரீவைஷ்ணவர் இல்லை. நம்பெருமாள் திருமலையில் எழுந்தருளியிருந்த இடம் என்று சொல்லப்படும் ரங்கநாயக மண்டபம், க்ருஷ்ணதேவராயரின் பிரதிமைகள் நிற்கும் மண்டபத்துக்கு அணித்தே இருப்பது குறிப்பிடத்தக்கது.

க்ருஷ்ணதேவராயரின் போர்கள் மூன்று திசைகளில் நடந்தன. பட்டத்துக்கு வந்த சில ஆண்டுகளுக்குள் வடக்கே பாமனி நாட்டின்மீது படையெடுத்து, அமைச்சர்களின் பிடியிலிருந்த ஸுல்தான் மஹ்மூதை மீண்டும் ஆட்சியில் அமர்த்தி, 'யவனராஜ்ய ஸ்தாபநாசார்யர்' என்னும் விருதைப் பூண்டார். வடகிழக்கே கஜபதி ப்ரதாபருத்ரருடன் நடந்த போர் பல ஆண்டுகள் நீண்டது. ஒன்றரை ஆண்டுக்குக் குறையாமல் முற்றுகையிடப்பட்ட உதயகிரிக் கோட்டை 1514இல் வீழ்ந்தது. மறு ஆண்டு கொண்டவீடு வீழ்ந்து, கஜபதியின் மைந்தர் வீரபத்ரர் சிறைப்பட்டார். படை மேலும் சென்று ஸிம்ஹாசலத்தை அடைந்தது. பொட்நூரில் ஜயஸ்தம்பம் நாட்டப்பட்டது. 1520இல் ராய்ச்சூர்க் கோட்டை பீஜாப்பூர் ஸுல்தானிடமிருந்து மீட்கப்பட்டது.

இவ்வெற்றிகளை எண்ணுபவர்கள் ஒன்றைச் சிறப்பாகக் கவனிக்க வேண்டும். கஜபதியுடன் ஸந்தி ஏற்பட்டபோது அவர் குமாரத்தியை மணந்து, க்ருஷ்ணா நதிக்கு வடபால் தாம் வென்ற நாடுகளைத் திருப்பிக் கொடுத்துவிட்டார் ராயர். பல்லாண்டுகள் உழைத்து, எண்ணற்ற உயிர்களை இழந்து பெற்ற நிலம் ஓர் உடன்படிக்கையில் கைமாறிற்று. அரசர்களின் வெற்றி அவர்கள் காலத்திலேயே எவ்வளவு நிலையற்றது என்பதற்கு வேறு சான்று வேண்டா.

இனி, இதே ஆண்டுகளில் திருமலைக் கல்வெட்டுகள் கூறுவதைப் பார்க்கலாம். 1513 முதல் 1521 வரை ராயர் ஏழு முறை திருமலைக்கு வந்தார். முதல் வருகை 1513 பிப்ரவரி 10இல். உதயகிரிப் போர் நடந்துகொண்டிருந்த காலம் அது. அப்போது நவரத்னங்கள் இழைத்த கிரீடத்தையும், கர்ப்பூர ஆரத்திக்கு 25 வெள்ளித் தட்டுகளையும் ஸமர்ப்பித்தார். தேவிமார் இருவரும் எம்பெருமான் இரவில் பால் அமுது செய்தருளப் பொற்கிண்ணங்களை ஸமர்ப்பித்தனர். அவ்வாண்டிலேயே மே, ஜூன் மாதங்களில் மீண்டும் வந்தார். உதயகிரி வீழ்ந்தபின் 1514 ஜூலை 6இல் வந்து 30,000 பொற்காசுகளால் கனகாபிஷேகம் செய்தார். கலிங்கப் போர் முடிந்து 1517 ஜனவரியில் வந்தபோது, ஆனந்தநிலய விமானத்துக்குப் பொன் வேய 30,000 வராகன் அளித்தார். அத்திருப்பணி 1518 ஸெப்டம்பரில் நிறைவேறிற்று. 1521 பிப்ரவரியில் வந்த வருகையே கல்வெட்டுகளில் காணும் கடைசி வருகை.

அக்கல்வெட்டுகளின் மொழியும் கவனிக்கத்தக்கது. ஒரே தானத்தைத் தமிழிலும் தெலுங்கிலும் கன்னடத்திலும் தனித்தனியே வெட்டுவித்தார். வேங்கடம் தமிழகத்தின் வட எல்லை. தெலுங்கரும் கன்னடரும் தமிழரும் ஏறி வரும் மலை அது. எந்நாட்டு அடியாரும் தம் மொழியில் படித்து, கைங்கர்யம் தடையின்றி நடக்கிறதா என்று கேட்கக்கூடிய நிலையை அவை உண்டாக்கின. தானம் செய்பவன் புகழ் பெறுவது ஒரு பயன். தானம் அழியாமல் காக்கப்படுவது அதனினும் பெரிய பயன்.

இவ்விடத்தில் ஓர் ஆக்ஷேபம் எழும். போரில் கிடைத்த பொருளைப் பெருமாளுக்கு ஸமர்ப்பிப்பது எங்ஙனம் சிலாக்யமாகும்? இதனைத் தட்டிக் கழிப்பது தகாது. உதயகிரியிலிருந்து பொன் மட்டும் வரவில்லை. அங்கே ஆராதிக்கப்பட்டு வந்த பாலக்ருஷ்ண விக்ரஹத்தையும் ராயர் தம் தலைநகருக்கு எடுத்து வந்தார். அதற்கெனப் பெரிய கோயில் எடுப்பித்து ப்ரதிஷ்டை செய்த செய்தியை 1515ஆம் ஆண்டுக் கல்வெட்டு கூறுகிறது. பக்தியுடன்தான் எடுத்து வந்தார், பெருமதிப்புடன்தான் எழுந்தருளப் பண்ணினார் என்பதில் ஐயமில்லை. ஆயினும் நம்பெருமாள் ஸ்ரீரங்கத்தைவிட்டுப் பிரிந்திருந்த நாற்பத்தெட்டு ஆண்டுகளை நினைந்து இன்றும் கலங்குகிற ஸம்ப்ரதாயத்தார், உதயகிரி அடியார்கள் தம் கண்ணனை இழந்த அன்று என்ன பாடுபட்டிருப்பர் என்பதையும் எண்ணிப் பார்க்கக் கடமைப்பட்டவர்கள்.

அந்த விக்ரஹத்தின் பிற்கால நிலையே இதற்கு விடை கூறுவது போல் அமைந்தது. 1565இல் தலைக்கோட்டைப் போருக்குப் பின் தலைநகர் பாழானபோது அக்கோயிலில் ஆராதனம் நின்றது. கர்ப்பக்ருஹம் வெறுமையாயிற்று. பாலக்ருஷ்ண விக்ரஹம் இன்று சென்னை அருங்காட்சியகத்தில் காட்சிப்பொருளாக இருக்கிறது. 1528இல் ராயர் ஒரே பாறையில் வடிப்பித்த, சுமார் 22 அடி உயரமுள்ள லக்ஷ்மீநரஸிம்ஹ மூர்த்தியும் பங்கப்பட்டு, மடியிலிருந்த பிராட்டியை இழந்து, திறந்த வெளியில் இருக்கிறது. வெற்றியின் அடையாளமாகத் தலைநகருக்குக் கொண்டுவந்த மூர்த்தி தலைநகருடனேயே ஆராதனத்தை இழந்தார். அரசர் தாமே மலையேறிச் சென்று, அங்கு எழுந்தருளியிருப்பவனிடத்தில் ஸமர்ப்பித்தவையோ, நித்ய கைங்கர்யத்தோடு கலந்து நிலைபெற்றன. ஆனந்தநிலயத்துக்குப் பொன் ஸமர்ப்பித்தவர்களில் ராயர் முதல்வரும் அல்லர், கடைசியானவரும் அல்லர். 1359இலேயே ஸாளுவ மங்கிதேவர் விமானத்துக்குப் பொற்கலசம் வைத்தார். இருபதாம் நூற்றாண்டிலும் விமானத்துக்குப் புதிதாகப் பொன் வேயப்பட்டது. அத்தொடரில் ஒரு கண்ணியாக இருப்பதே ராயரின் பேறு.

குறைகளை மறைத்துப் போற்றுவது போற்றுதலாகாது. தம்மை அரசராக்கி வளர்த்த முதியவரும் முதலமைச்சருமான ஸாளுவ திம்மரசர்மீது, இளவரசனுக்கு நஞ்சிட்டார் என்ற ஸந்தேகம் கொண்டு, அவர் கண்களைப் பறிக்கச் செய்தார் என்று போர்த்துகீசியரான நூனிஸ் எழுதியுள்ளார். புத்ர சோகத்தில் அறிவு கலங்குவது அரசர்க்கும் உண்டு. இதிஹாஸங்களில் தசரதர் முதலானோரிடத்தும் குறைகளை வால்மீகி மறைக்கவில்லை. ராயரைக் குற்றமற்ற அவதார புருஷராக்க வேண்டிய அவச்யமும் இல்லை.

ஆயின் அவரிடத்தில் ஸ்ரீவைஷ்ணவர்கள் உள்ளம் உருகுவதற்கு உரியது எது எனின், அது ஆமுக்தமால்யதா என்னும் மஹாகாவ்யமே. தெலுங்கின் பஞ்சமஹாகாவ்யங்களுள் ஒன்றாக எண்ணப்படும் இந்நூல் தோன்றிய வரலாற்றை அரசரே நூன்முகத்தில் கூறியுள்ளார். கலிங்கப் படையெடுப்பின்போது விஜயவாடைப் பகுதியில் தங்கியிருந்த அவர், க்ருஷ்ணா நதிக்கரையிலுள்ள ஸ்ரீகாகுளம் என்னும் தலத்துக்குச் சென்றார். வடகோடியிலுள்ள அப்பெயருடைய ஊரன்று இது. அங்கே ஆந்த்ர விஷ்ணுவை ஸேவித்து, ஏகாதசி உபவாஸமிருந்த இரவில் எம்பெருமான் ஸ்வப்னத்தில் ஸேவை ஸாதித்தான். வடமொழியில் பல நூல்கள் இயற்றிய நீ, தெலுங்கில் ஒரு காவ்யம் செய்யவேண்டும். திருவரங்கத்தில் சூடிக்கொடுத்தவளை நாம் மணந்த கதையைச் சொல்லவேண்டும். அதைத் திருவேங்கடமுடையானுக்கு ஸமர்ப்பிக்கவேண்டும் என்று நியமித்தான் என்பது அப்பகுதியின் ஸாரம்.

இதன் அருமை சிறிது நின்று எண்ணத்தக்கது. துளுவ வம்சத்தில் பிறந்தவர், கன்னட நாட்டில் தலைநகரை உடையவர், தெலுங்கில் எழுதுகிறார், நூலுக்கு இட்ட பெயரோ வடமொழி. அப்பெயரின் பொருள் 'தான் அணிந்த மாலையைக் கொடுத்தவள்' என்பதாம். சூடிக்கொடுத்த நாச்சியார் என்ற திருநாமத்தின் மொழிபெயர்ப்பே அது. அந்நாயகியோ ஸ்ரீவில்லிபுத்தூரில் திருத்துழாய்க் காட்டில் அவதரித்து, பெரியாழ்வாரின் திருமகளாராய் வளர்ந்து, தமிழ்ப் பாசுரம் அருளிச்செய்தவள். படை நடத்திச் சென்ற பேரரசர், பகை நாட்டின் நடுவில் கண்ட கனவில், ஒரு நந்தவனக் கைங்கர்யபரரின் பெண்ணைக் காவ்ய நாயகியாக ஏற்றார். உபய வேதாந்தம் என்று ஸம்ப்ரதாயம் சொல்வது தமிழ் எல்லையைக் கடந்து எவ்வளவு தூரம் பரவியிருந்தது என்பதற்கு இந்நூலைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

நூலின் உள்ளே ஆண்டாள் திருக்கல்யாணம் மட்டும் இல்லை. பல உபாக்யானங்கள் உள்ளன. அவற்றைத் தொகுத்துப் பார்த்தால் கவியின் திருவுள்ளம் புலனாகும். முதலாவது பாண்டிய மன்னன் கதை. போகத்தில் மூழ்கி இரவில் நகரில் சென்ற மன்னன், வழிப்போக்கர் ஒருவர் சொன்ன வார்த்தையைக் கேட்டு மறுமைக்குத் தான் ஒன்றும் தேடவில்லை என்று திடுக்கிடுகிறான். அதன் விளைவாகவே விஷ்ணுசித்தர் மதுரைக்கு எழுந்தருளிப் பரத்வ நிர்ணயம் செய்ய நேர்கிறது. இரண்டாவது, விஷ்ணுபுராணத்தில் வரும் காண்டிக்ய கேசித்வஜ ஸம்வாதம். நாட்டை இழந்து காட்டில் வாழும் காண்டிக்யன், நாட்டைக் கேட்டுப் பெறும் வாய்ப்பு வந்தபோது அமைச்சர்களின் சொல்லைத் தள்ளி, ஆத்மஞானத்தையே கேட்கிறான். எம்பெருமானார் ஸ்ரீபாஷ்யத்தில் எடுத்தாண்ட ப்ரகரணம் இது. மூன்றாவது ஆளவந்தார் சரிதம். வாதத்தில் வென்று அரச பதவி பெற்ற யாமுனாசார்யர், மணக்கால் நம்பியால் ஸ்ரீரங்கத்துக்கு அழைத்துச் செல்லப்பட்டு, பெரிய பெருமாளே தம் பாட்டனார் வைத்த நிதி என்று உணர்ந்து ராஜ்யத்தைத் துறக்கிறார். நான்காவது, கைசிக மாஹாத்ம்யத்தில் வரும் நம்பாடுவானின் கதை. நூலில் மாலதாஸரி என்ற பெயரில் வருகிறது. தாழ்ந்த குலத்துப் பாகவதர் தம் பாட்டின் பலத்தைக் கொடுத்து ஒரு ப்ரஹ்மரக்ஷஸை விடுவிக்கிறார்.

முதல் மூன்றும் அரசர்களின் கதைகள். மூவரும் அரசாட்சியின் சிறுமையை உணர்ந்தவர்கள். எழுதியவர் தம் நாளில் தென்னாட்டில் ஒப்பாரில்லாத அரசர். நான்காவது கதையின் தலைவரோ ஒரு பிடி நிலமும் ஆளாதவர். அவரிடத்தில் உள்ள பாட்டின் பலத்துக்கு எந்த அரசனின் பொக்கிஷமும் ஈடாகவில்லை. ஆழ்வார்களின் குடியில் உயர்ந்தவர் யார் என்ற கேள்விக்கு ஸம்ப்ரதாயம் தரும் விடையை அரசர் தம் வாயாலேயே சொல்லிவிட்டார்.

இந்நூலில் உலகியல் அறிஞர்கள் பெரிதும் போற்றுவது ராஜநீதிப் பகுதி. துறைமுகங்களைச் சீர்செய்து வாணிகத்தை வளர்ப்பது, குதிரையும் யானையும் கொண்டுவரும் அயல்நாட்டு வணிகரை ஆதரிப்பது, ஏரியும் கால்வாயும் வெட்டிச் சிறு நிலத்தையும் விளையச் செய்வது, ஏழைக் குடிகளின் வரியைக் குறைப்பது முதலியன அங்கே கூறப்படுகின்றன. இவை ஏட்டளவில் நின்றவை அல்ல. ராயர் புதிய பட்டணத்துக்கு நீர் வேண்டிப் பெரிய ஏரி அமைத்ததைப் போர்த்துகீசியப் பயணி பயேஸ் நேரில் கண்டு எழுதியுள்ளார். ஆயின் இவ்வுபதேசத்தை அரசர் யார் வாயில் வைத்தார் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. ராஜ்யத்தைத் துறந்து ஸ்ரீரங்கம் புறப்படும் யாமுனாசார்யர், தம் குமாரனுக்குச் செய்யும் உபதேசமாகவே அது அமைந்துள்ளது. ஆட்சியைப் பற்றித் தாம் அறிந்த அனைத்தையும், ஆட்சியை விட்டு நீங்கும் ஆசார்யரின் வாக்காகச் சொன்னார். ஆளத் தெரிந்தவனே ஆளுவதைத் தனதல்ல என்று வைக்க முடியும். தனதல்ல என்று வைத்தவனே நன்றாக ஆளவும் முடியும். சேஷத்வ ஞானம் கடமையைத் தளர்த்தும் என்று கூறுவார்க்கு இதுவே ஸமாதானம்.

ராயரை ஸ்ரீவைஷ்ணவர்கள் தமக்கு மட்டுமே உரியவராகக் கொள்வதும் ஸரியன்று. பட்டத்துக்கு வந்த காலத்தில் விரூபாக்ஷர் கோயிலில் ரங்கமண்டபம் கட்டுவித்தார். அவர் ஆணைகளில் கையொப்பமாக நின்றதும் ஸ்ரீவிரூபாக்ஷ என்னும் பெயரே. சிதம்பரத்திலும் காளஹஸ்தியிலும் கோபுரத் திருப்பணி செய்தார். மாத்வ ஸம்ப்ரதாயத்து வ்யாஸதீர்த்தரை வணங்கிக் கிராமங்கள் அளித்தார். எல்லாச் சமயத்துக் குடிகளையும் காப்பது ராஜதர்மம். தம் உள்ளம் பற்றிய தெய்வம் எது என்பதை அவர் ஆணையால் வெளியிடவில்லை, காவ்யத்தால் வெளியிட்டார். பிறர்மீது திணியாத பக்தி என்பதனாலேயே அதற்குச் சிறப்பு அதிகம்.

1529இல் ராயர் மறைந்தார். அவருடைய இளம் புதல்வர் முன்னமே காலமாகியிருந்தார். முப்பத்தாறு ஆண்டுகளில் தலைநகர் பாழாயிற்று. அவர் மீட்ட ராய்ச்சூர் பிறர் கைக்குச் சென்றது. அரண்மனையின் அடித்தளம் மட்டுமே எஞ்சியது. இவ்வாறிருக்க, திருமலையில் ஆராதனம் ஒரு நாளும் அவர் மறைவுக்காக நிற்கவில்லை. தெலுங்கு நாட்டில் ஆமுக்தமால்யதையைப் பயில்வோர், தமிழ் அறியாதவராயினும், வில்லிபுத்தூரையும் விஷ்ணுசித்தரையும் கோதையையும் அறிந்தனர். மார்கழி தோறும் ஆந்த்ர தேசத்துக் கோயில்களில் திருப்பாவை கேட்கும் ஜனங்களுக்கு அப்பெண்ணின் சரிதம் அயலாருடையதாகத் தோன்றாததற்கு இந்நூலும் ஒரு காரணம்.

அரசரின் வாள் எங்கே என்று இன்று யாரும் கேட்பதில்லை. அவர் எடுத்த கோட்டைகளைக் காண்போர் கல்லைக் காண்கின்றனர். குலசேகரர் படியாகக் கிடக்க விரும்பிய அதே ஸந்நிதியின் வெளிவாசலருகே, அவர் கூப்பிய கை தாழாமல் நிற்கிறார். அவ்வழியே செல்லும் அடியார்கள் ஒரு கணம் நின்று அவரை நோக்கினால், ஒரு பேரரசரைக் கண்டதாக எண்ண வேண்டா. தமக்கு முன்னே வந்து, இன்னும் வரிசையில் நிற்கும் ஓர் அடியாரைக் கண்டதாக எண்ணினால் போதும். அவர் விரும்பியதும் அதுவே.

ஆண்டாள் திருவடிகளே சரணம்.